ரொக்கியா வீட்டுப் பந்தல் நிழல்

பேராக் ஆற்றங்கரையில், மீன் சந்தைக்கும் பழைய தொலைபேசி நிலையத்துக்கும் இடையில், மலாய்க்காரர்கள் லோரோங் மெலாத்தி என்றும் தமிழர்கள் மல்லிகைச் சந்து என்றும் சொல்லிவந்த ஒரு சந்தில், ரொக்கியா தன் கடைசி மகளின் மணவிருந்தை நடத்தி முடித்த மறுநாள் காலையில், வாடகைக்குப் பந்தல் போட்ட செமான் தன் ஆட்களோடு வந்து, வெள்ளையும் இளநீலமுமான துணிகளை அவிழ்த்து மடித்து, கம்பிகளைக் கழற்றி, எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிக் கயிறு கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, பந்தலின் நிழல் மட்டும் தார்ச்சாலையின் மேல் இருந்த இடத்திலேயே இருந்தது.

செமான் அதன் நடுவில் போய் நின்றான். தலைக்கு மேலே ஒன்றுமில்லை. அண்ணாந்து சூரியனைப் பார்த்தால் கண்ணில் நீர் வந்தது. ஆனால் தோளிலும் பிடரியிலும் வெயில் படவில்லை. பந்தலின் ஓரத்தில் தொங்கிய குஞ்சங்களின் நிழல்கூட, வளைவு வளைவாக, காற்றுக்கு லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அவன் லாரியில் ஏறி, மடித்த துணிகளை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு இறங்கிவந்து, வாசலில் நின்ற ரொக்கியாவை மலாயில் அக்கா என்று விளித்து, "காக், நான் வாடகைக்குக் குடுத்தது துணியும் கம்பியும்தான். ரெண்டையும் எடுத்துக்கிட்டேன். இது என் சாமான் இல்லை," என்றான்.

"அப்ப யார் சாமான்?"

"விருந்து வச்ச வீட்டுச் சாமான்," என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

எதிர்வீட்டுச் சன்னல் திரைக்குப் பின்னால் நின்று கோசலை இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நகரத்துத் தொலைபேசி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து ஓய்வு பெற்றவள், கணவனை இழந்தவள், மகன் சிட்னியில் இருந்தான். நிழலின் ஒரு விளிம்பு ரொக்கியாவின் வாசற்படியில் தொடங்கியது. மறு விளிம்பு சாலையைக் கடந்து வந்து, கோசலையின் வாசலுக்கு முன்னால் ஓடிய சாக்கடையின் மறுகரையில், ஒரு காலடி எடுத்து வைத்தால் எட்டிவிடும் தூரத்தில், நின்றது.

மல்லிகைச் சந்தில் எதையும் கண்டு வாய்பிளக்கும் வழக்கம் கிடையாது. எதற்கு உதவும் என்று பார்க்கும் வழக்கமே உண்டு. சந்து முனையில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருந்த யாப் தௌகே, பழுதுக்கு வந்த வண்டிகளின் இருக்கை சுடாமல் இருக்கட்டும் என்று அன்று மாலையே அவற்றைத் தள்ளிக்கொண்டு வந்து நிழலில் வரிசையாக நிறுத்தினார். சந்தை வாசலில் வெயிலில் நின்று வாழைப்பழப் பொரியலும் வடையும் விற்றுக்கொண்டிருந்த பவளக்கொடி, தன் தள்ளுவண்டியை அந்த வார முடிவுக்குள் இங்கே கொண்டுவந்து, குடையைச் சுருக்கிக் கட்டிவைத்தாள். துணி காயப்போடுகிறவர்களும் மீன் அப்பளம் உலர்த்துகிறவர்களும் இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டுக் கொடிகளைச் சந்தின் மறுகோடிக்கு மாற்றிக் கட்டினார்கள். மழை மட்டும் நிழலைப் பொருட்படுத்தாமல் அதன் ஊடாகப் பெய்தது. நனைந்தவர்கள், இது நிழல்தானே, கூரையா என்று நிழலுக்காகப் பரிந்து பேசினார்கள்.

தொழுகைக் கூடத்தின் குழுவில் இருந்த ஹாஜி தாவூத் வந்து பார்த்து, நிழலில் ஒதுங்குவதில் பாவமில்லை, ஆனால் யாரும் இங்கே வேண்டுதல் வைத்து மஞ்சள் துணி கட்டக்கூடாது என்றார். மாரியம்மன் கோயில் பூசாரியும் வந்து பார்த்து, சூடம் கொளுத்தக்கூடாது என்றார். இருவரும் ஒரே தட்டில் வாழைப்பழப் பொரியல் தின்றுவிட்டுப் போனார்கள். நகராட்சி அதிகாரி ஒருவர், பொதுச்சாலையில் அனுமதியின்றிப் பந்தல் நிற்பதாகப் புகார் வந்திருக்கிறதென்று வந்தவர், பந்தல் எதுவும் இல்லாததால் அனுமதி தேவையில்லை என்றும், பந்தல் எதுவும் இல்லாததால் அதை அகற்றச் சொல்லவும் முடியாது என்றும் தீர்ப்புச் சொல்லி, கொஞ்ச நேரம் உட்கார்ந்து வியர்வை ஆற்றிக்கொண்டார். ஈப்போவிலிருந்து இளைஞர்கள் வந்து படம் எடுத்தார்கள். படத்தில் அது எல்லா நிழலையும் போல ஒரு நிழலாகவே விழுந்ததால், வெளியூரில் அதை யாரும் நம்பவுமில்லை, மறுக்கவுமில்லை. சந்துக்கும் அது வசதியாகப் போயிற்று.

ஒரே ஒரு மரியாதையைச் சந்து தானாகவே ஏற்படுத்திக்கொண்டது. நிழலுக்குள் கால்வைக்கிறவர் யாராயினும், ரொக்கியாவின் வீட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பி, "தும்பாங்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டே கால்வைத்தார்கள். இன்னொருவர் வண்டியில் ஏறிக்கொள்ளும்போதும், இன்னொருவர் கூரையடியில் ஒதுங்கும்போதும் மலாயில் சொல்லுகிற சொல் அது. உன்னுடையதில் எனக்குச் சற்று இடம் கொடு என்று பொருள்படும். உள்ளேயிருந்து ரொக்கியா, துவைத்துக்கொண்டிருந்தாலும் தொழுதுவிட்டு எழுந்துகொண்டிருந்தாலும், "சிலா, சிலா" என்று வரவேற்றுக் குரல் கொடுத்துவிடுவாள்.

அந்தச் சொல்லைச் சொல்லாதவள், சொல்ல வாய் வராதவள், கோசலை ஒருத்திதான். கடைக்குப் போகவேண்டுமென்றாலும் கோயிலுக்குப் போகவேண்டுமென்றாலும் அவள் கொல்லைப்புறக் கதவைத் திறந்து, பின்சந்தின் சேற்றில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெயிலில் சுற்றிக்கொண்டே போனாள்.

"ஏன் கோசலைக்கா, நிழல் உங்களைக் கடிச்சிடுமா?" என்று பவளக்கொடி ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"எனக்கு வெயில் பழகிப்போச்சு," என்றாள் கோசலை.

"பழகும் பழகும். மூஞ்சி தீஞ்ச தோசையாட்டம் ஆனப்புறம் நல்லாப் பழகும்."

இதற்கு முந்திய காலத்தைச் சொல்லியாக வேண்டும். அந்தச் சந்தில் ஒரு மலாய் வீட்டில் திருமணமென்றால், வீட்டுத் தலைவி தன்னிடமிருப்பதில் நல்ல பாஜு குரோங்கை உடுத்திக்கொண்டு, தலைத்துணியைத் திருத்திக்கொண்டு, வீடு வீடாக நடந்துபோய், உள்ளே உட்காராமல் வாசலில் நின்று, வலக்கையை நெஞ்சில் வைத்து, "ஜெம்புட்" என்று சொல்லி அழைப்பாள். விருந்துக்கு முந்திய நாள் ஆண்கள் விறகடுப்பில் அண்டா ஏற்றுவார்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார்கள். அந்த வட்டத்துக்குத் தலைமை கோசலைக்குத்தான், ஏனென்றால் எவ்வளவு வெங்காயம் உரித்தாலும் அவளுக்குக் கண் கலங்காது. அவித்த முட்டையை வலைத்துணியில் கட்டிக் காகிதப் பூ செருகி விருந்தாளிகளுக்குக் கொடுப்பதற்காக, மிச்சமிருந்த பெண்கள் பாடிக்கொண்டே பூச்செய்வார்கள். மாட்டிறைச்சி உண்ணாதவர்களுக்கென்று ரொக்கியா தனியடுப்பில், தனிச்சட்டியில், தனிக்கரண்டியிட்டுக் கோழிக்குழம்பும் பருப்பும் காய்கறியும் சமைத்து, பந்தலின் ஒரு மூலையில் தனிமேசை போட்டு வைப்பாள். அந்த மேசைக்கு மெஜா கோசலை, கோசலை மேசை, என்று பெயர். ரொக்கியா வீட்டு விருந்தில் மட்டுமல்ல, சந்தின் எந்த வீட்டு விருந்திலும், யாருக்காகப் போட்டாலும், அதற்கு அதுதான் பெயர்.

பிறகு மண்டபங்கள் வந்தன. சமையல் ஒப்பந்தக்காரர்கள் வந்தார்கள். வெங்காயம் உரித்தே வந்து இறங்கியது. முட்டை கேக்காகி, கேக் மிட்டாயாகி, மிட்டாய் சவர்க்காரமாகி, முட்டையே இல்லாத அந்தப் பொட்டலத்தை அப்போதும் முட்டைப்பூ என்றே சொன்னார்கள். மாப்பிள்ளையின் முன்னால் தப்பு அடித்துக்கொண்டு வந்த இளைஞர்களின் இடத்தில் ஒலிபெருக்கி நின்றது. கோசலை மேசை ஒரு சின்னஞ்சிறு அட்டையாகச் சுருங்கி, உணவு வரிசையின் கடைசிப் பாத்திரத்தின் முன்னால் குத்திவைக்கப்பட்டது. கோசலை அந்த விருந்துகளுக்கும் போனாள்; குளிரூட்டிய மண்டபத்தில் தோளைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, யாருக்கும் தான் தேவைப்படவில்லை என்பதை மெல்ல மென்று விழுங்கிவிட்டு வந்தாள்.

ஆகையால், ரொக்கியா தன் கடைசி மகள் ஹிடாயாவுக்கு மண்டபம் வேண்டாம், சந்திலேதான் பந்தல் என்று பிடிவாதம் பிடித்தபோது, கோசலையைப் போல மகிழ்ந்தவர் ஒருவருமில்லை. ஹிடாயா தங்கப்பூக்கள் உதிர்ந்து இசை கேட்கும் அழைப்பு ஒன்றை எல்லோருடைய கைத்தொலைபேசிக்கும் அனுப்பியிருந்தாள். ஊரில் ஒருவர் இன்னொருவரை அழைத்த அழைப்பையெல்லாம் காலமெல்லாம் தன் விரலால் இணைத்துவிட்ட கோசலைக்கு, எல்லோரையும் அழைக்கும் அழைப்பு யாரையும் அழைக்கவில்லை என்பது தெரியும். அவள் ரொக்கியாவின் காலடிக்காகக் காத்திருந்தாள். தன் மகன் திருமணத்துக்கு அவள் வெற்றிலைத் தாம்பாளத்தோடு முதலில் போய் நின்ற வாசல் ரொக்கியாவின் வாசல்தானே.

ரொக்கியாவும் வந்தாள். ஊதா நிற பாஜு குரோங்கில், கையை நெஞ்சில் வைத்து, யாப் தௌகேயின் பட்டறையில் நின்றாள்; பவளக்கொடியின் வாசலில் நின்றாள்; ஹாஜி தாவூத் வீட்டில் நின்றாள்; சென்ற மாதம் குடிவந்து இன்னும் பெயர்கூடத் தெரியாத ஆசிரியர் வீட்டு வாசலிலும் நின்றாள். பிறகு கோசலையின் வாசலைக் கடந்து, தலையைக்கூடத் திருப்பாமல், தன் வீட்டுக்குள் போய்விட்டாள். திரைக்குப் பின்னால், காப்பி ஆற்றிவைத்த கிண்ணத்தோடு, கோசலை நின்றுகொண்டிருந்தாள்.

விருந்தன்று அவள் குளித்து, பட்டு உடுத்தி, பூ வைத்துக்கொண்டு, கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். அழைக்காத வீட்டுக்குப் போய்க் கை நனைக்கும் வழக்கம் அவள் பிறந்த வீட்டிலுமில்லை, புகுந்த வீட்டிலுமில்லை. கடைசி வண்டியும் புறப்பட்டுப் போகும்வரை, யாரோ வந்து கதவைத் தட்டுவார்கள் என்று ஒரு காது கேட்டுக்கொண்டே இருந்தது. ஒருவரும் தட்டவில்லை.

மழைக்காலம் வந்து போன பிறகும் நிழல் அசையாததைக் கண்டு, ஹாஜி தாவூத் ஒரு கருத்துச் சொன்னார். "பந்தல் எதுக்கு நிக்குது? விருந்து முடியலை, அதுக்கு நிக்குது. விருந்து ஏன் முடியலை? வரவேண்டியவங்க யாரோ இன்னும் சாப்பிடலை." சந்துக்கு இது நியாயமாகப் பட்டது. அன்று முதல், சாப்பிடாமல் போனவர் யார் என்று தேடுவது எல்லோருக்கும் ஒரு வேலையாயிற்று. முன்வரிசையில் நாற்காலி கிடைக்காததால் கோபித்துக்கொண்டு எழுந்துபோன ஜொகூர் சிற்றப்பாவை ஆள் அனுப்பி வரவழைத்து, முன்வரிசை என்று ஒன்று இல்லாத நிழலில் ஒரே நாற்காலி போட்டு உட்காரவைத்து ஊட்டாத குறையாகச் சாப்பிடவைத்தார்கள். நிழல் அசையவில்லை. வேலை முடிந்து வருவதற்குள் சோறு தீர்ந்துபோன பேருந்து ஓட்டுநரை அழைத்தார்கள். வயிற்றுவலி என்று தேநீர் மட்டும் குடித்துவிட்டுப் போன மாப்பிள்ளையின் சித்தியை அழைத்தார்கள். அவர்களும் வயிறார உண்டு வாழ்த்திவிட்டுப் போனார்கள். குஞ்சங்களின் நிழல் காற்றுக்கு ஆடியதே தவிர, வேறெதுவும் அசையவில்லை.

வீடு வீடாக விசாரித்து வந்தவர்கள் கோசலையின் வாசலுக்கு வந்தபோது, யாப் தௌகே கையை வீசினார். "இங்க கேக்க வேணாம் லா. இவங்க சமையல்கட்டுல இருந்தவங்க. சமைக்கிறவங்க சாப்பிடாம இருப்பாங்களா?"

"கோசலைக்கா இல்லாம இந்தச் சந்துல ஒரு கல்யாணமா?" என்றாள் பவளக்கொடி. "பச்சைப் பட்டு கட்டிக்கிட்டுக் கரண்டியோட நின்னாங்களே. என்னைக்கூட, ரசம் கொண்டா, தட்டு கொண்டான்னு விரட்டினாங்க."

"எனக்கு ரெண்டாந்தரம் பருப்பு ஊத்தினது அவங்கதான்," என்றார் ஹாஜி தாவூத்.

கோசலை திரைக்குப் பின்னால் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள். அன்று அவள் கட்டியிருந்தது அரக்குப் பட்டு. அதை அவளைத் தவிர யாரும் பார்க்கவில்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை. தூணில்லாமல் வீடு நிற்காது என்று நினைக்கிறவன் தூணைத் தனியாகப் பார்த்து வைப்பதில்லையே, அதுபோல, அவள் அங்கே இருந்தாள் என்பதைப் பார்க்காமலே பார்த்திருந்தார்கள். தான் போகாததை யாரும் கவனிக்கவில்லை என்று இத்தனை மாதம் நொந்துகொண்டிருந்தவளுக்கு, தான் போகாமல் இருக்கக்கூடும் என்பதே யாருக்கும் தோன்றவில்லை என்று இப்போது தெரிந்தது. இரண்டில் எது அதிகம் வலித்தது என்று அவளால் சொல்லமுடியவில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒருத்தி மட்டும் பேசாமல், மூடியிருந்த அந்தச் சன்னலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் ரொக்கியா.

மறுநாள் நண்பகலில் ரொக்கியா ஒரு மடக்கு மேசையைத் தூக்கிக்கொண்டு வந்து, நிழலின் மூலையில், கோசலையின் வாசலுக்கு நேர் எதிரே விரித்து, துணி போட்டு, ஒரே ஒரு நாற்காலியை வைத்துவிட்டு உள்ளே போனாள். மாலையில் வந்து மடக்கி எடுத்துக்கொண்டு போனாள். அதற்கு மறுநாளும் அப்படியே செய்தாள். வெளியூர்க்காரன் ஒருவன் அதில் உட்காரப் போனபோது பவளக்கொடி கரண்டியை நீட்டித் தடுத்தாள்: "அது மெஜா கோசலை. எந்திரி."

கோசலை போகவில்லை. அழைத்தால் அல்லவா போவது? நாற்காலி அழைக்குமா? வாய் அழைக்கவேண்டும்.

இதற்கிடையில் ஹிடாயா புகுந்த ஊரான ஷா ஆலாமில் கருவுற்றிருந்தாள். அம்மா வந்து தன்னோடு இருந்துவிடவேண்டும் என்று அவள் திருமணத்தின்போதே பேசிவைத்திருந்தாள். இந்த வீட்டை அந்தப் பெயர் தெரியாத ஆசிரியரின் உறவினருக்கு வாடகைக்கு விடுவதென்றும் ஏற்பாடாகியிருந்தது. ரொக்கியாதான் புறப்படவில்லை. பந்தல் நிற்கும்போது வீட்டுக்காரி ஊரைவிட்டுப் போவது எந்த ஊர் வழக்கம் என்று கேட்டு, ஒவ்வொரு மாதமும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். பவளக்கொடி வடைமாவைப் பிசைந்தபடி இந்தச் செய்தியைக் கொல்லைப்புறத்தில் நின்று சொன்னபோது, கோசலையின் கையிலிருந்த முறம் நின்றுவிட்டது.

அப்படியென்றால், தான் உண்ணாத ஒரு கவளம் சோற்றினால்தான் எதிர்வீட்டில் இன்னமும் விளக்கெரிகிறது.

அன்றிலிருந்து அவள் விடிந்ததும் முதலில் திரையை விலக்கிப் பார்த்தாள். நிழல் இருந்தது என்று கண்ட பிறகே மூச்சு வந்தது. ரொக்கியாவோடு அவள் பேசுவதில்லை, ரொக்கியாவும் பேசுவதில்லை. ஆனாலும் ரொக்கியா வாசல் பெருக்கும் துடைப்பச் சத்தம் கேட்டது. நெத்திலி வறுக்கும் வாடை வந்தது. பிற்பகலில் வானொலியை உரக்க வைத்துவிட்டுத் தூங்கிப்போகிற அந்த நாற்பதாண்டுக் கெட்ட பழக்கம் அப்படியே இருந்தது. இருவரும் புதுப்பெண்களாக இந்தச் சந்துக்கு வந்தவர்கள். ஒருத்தியின் பிள்ளைக்கு இன்னொருத்தி பாலூட்டியிருக்கிறாள். ஒருத்தியின் கணவன் இறந்த வீட்டில் இன்னொருத்தி அடுப்பு மூட்டியிருக்கிறாள். பேசாமல் இருந்தாலும் இருக்கட்டும், எதிரே இருக்கட்டும் என்று கோசலை நினைத்தாள். போய் உட்கார்ந்து ஒரு வாய் உண்டால் நிழல் போய்விடும், நிழல் போனால் அவள் போய்விடுவாள். உண்ணாமல் இருப்பதற்கு முன்பு ஒரு காரணம் இருந்தது. இப்போது அந்தக் காரணம் மறந்துபோய், வேறொரு காரணம் அதன் நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் ஹிடாயா வந்தாள். நிறைமாதம். கணவனைக் காரிலேயே விட்டுவிட்டு, தாய் வீட்டுக்கும் போகாமல், சாக்கடைப் பலகையில் மெதுவாகக் கால்வைத்து ஏறி, கோசலையின் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினாள். கோசலைக்குக் கதவைத் திறக்காமல் இருக்க முடியவில்லை.

"அன்ட்டி, மாக் வரமாட்டேங்கறாங்க," என்றாள் அந்தப் பெண். "விருந்தாளி ஒருத்தர் இன்னும் சாப்பிடலையாம். யாருன்னு கேட்டா சொல்லமாட்டேங்கறாங்க. எனக்கு இது முதல் பிள்ளை, அன்ட்டி. எனக்குப் பயமா இருக்கு."

"உள்ள வா. உக்காரு. தண்ணி குடி."

"யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

கோசலை தண்ணீர்க் குவளையை நீட்டினாள். பிறகு கேட்டாள்: "உங்கம்மா அன்னைக்குச் சந்து முழுக்க நடந்து எல்லாரையும் கூப்பிட்டாங்களே, ஏன் இந்த வாசல்ல மட்டும் நிக்கலை? உனக்குத் தெரியுமா?"

ஹிடாயா விழித்தாள். கேள்வியே அவளுக்குப் புரியவில்லை. "இங்க எதுக்கு நிக்கணும்? மாக் எங்க மூத்த அக்காவையும் கூப்பிடலை, சின்னம்மாவையும் கூப்பிடலை. வீட்டாளுங்களை யாராவது கூப்பிடுவாங்களா? கூப்பிட்டா சண்டைக்கு வந்துடமாட்டாங்களா, நாங்க என்ன வெளியாளான்னு?" பிறகு, தண்ணீரைக் குடித்து முடித்து, குவளையைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னாள்: "அன்னைக்கு மாக் தனியா ஒரு சட்டி வச்சாங்க. ஆள் வரட்டும், ஆள் வரட்டும்னு மூடியைத் திறக்கவே விடலை. அது கெட்டுப்போச்சு. அன்னைக்கு அவங்க அழுததை, என்னைப் பிரியற அழுகைன்னு எல்லாரும் நினைச்சாங்க."

அழைக்காததனால் தன்னை வெளியாள் என்று எண்ணியவள் இங்கே. அழைத்தால் வெளியாள் ஆக்கிவிடுவோம் என்று எண்ணியவள் அங்கே. இருவருக்கும் நடுவில் ஒரு சாக்கடைதான் இருந்தது, அதையும் ஒரு பலகை போட்டு இருவருமாகவே மூடியிருந்தார்கள்.

கோசலை சேலையை மாற்றவில்லை, தலையைச் சீவவில்லை. வீட்டில் கட்டியிருந்த கைத்தறிச் சேலையோடு, ஹிடாயாவின் கையைப் பிடித்துக்கொண்டு, முன்வாசல் வழியாக இறங்கினாள். பவளக்கொடி எண்ணெயில் போட்ட வாழைப்பழத்தைத் திருப்ப மறந்தாள். யாப் தௌகே முறுக்கிக்கொண்டிருந்த திருகாணியை விட்டுவிட்டு நிமிர்ந்தார். நிழலின் விளிம்பில் கோசலை ஒரு கணம்தான் நின்றாள். பிறகு, தும்பாங் என்று சொல்லாமல், கால்வைத்தாள். இத்தனை மாதமும் சுற்றிச்சுற்றி வெயிலில் நடந்த உடம்பின்மேல் அந்தக் குளிர்ச்சி வந்து படிந்தபோது, காய்ச்சல்காரிக்குப் போர்வை போர்த்தியது போல அவளுக்குச் சிலிர்த்தது.

ரொக்கியா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். கையில் விளக்குமாறு.

"யார் கூப்பிட்டா உன்னை?" என்றாள்.

"யாரும் கூப்பிடலை, காக் யா. அதான் வந்தேன்."

ரொக்கியாவின் உதடு ஒருபுறமாக இழுத்துக்கொண்டது. விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள். "வீட்டாளுன்னா முன்வாசல்ல நிக்கமாட்டாங்க. பின்பக்கமாப் போ. வெங்காயம் உரிக்காம கிடக்கு."

"இத்தனை மாசமா உரிக்கத் தெரியலையா உனக்கு?"

"உரிச்சேன். ஒவ்வொரு நாளும் உரிச்சேன். எனக்குத்தான் கண்ணு கலங்குமே, கோசா."

சமையல்கட்டில் இருவரும் அருகருகே உட்கார்ந்து உரித்தார்கள். பாதி மலாயும் பாதித் தமிழுமான அவர்களுடைய பழைய பேச்சு, துருப்பிடித்த குழாயில் வரும் தண்ணீர்போல முதலில் விட்டுவிட்டு வந்து, பிறகு நிற்காமல் வந்தது. ஹிடாயாவின் மாமியாரின் கஞ்சத்தனம், சிட்னி மகன் மூன்று வாரமாகப் பேசாதது, செமான் பந்தல் வாடகையை ஏற்றிவிட்டது, ஹாஜி தாவூத்தின் புதுப்பல். தனிச்சட்டியில் கோழிக்குழம்பு கொதித்தது. தனிக்கரண்டி அதில் நின்றது. எதற்காகச் சமைக்கிறோம் என்பதை இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை. ஒருமுறை மட்டும் கோசலை, "குழம்பு இன்னும் கொஞ்சம் கொதிக்கட்டுமே," என்றாள்.

"கொதிக்கட்டும்," என்றாள் ரொக்கியா. அது கொதித்து வெகுநேரம் ஆகியிருந்தது.

நண்பகலுக்குப் பிறகு, நிழலின் மூலையில் இருந்த அந்த மேசையில் ரொக்கியா நெய்ச்சோற்றையும் கோழிக்குழம்பையும் பருப்பையும் வைத்தாள். உள்ளேயிருந்து இன்னொரு நாற்காலியைத் தூக்கிவந்து எதிரே போட்டு உட்கார்ந்தாள். யாரும் சொல்லாமலே சந்து வந்து சுற்றி நின்றது. பக்கத்தில் வராமல், பார்க்காததுபோலப் பார்த்துக்கொண்டு நின்றது. யாப் தௌகே மட்டும் ஏதோ புரிந்தவராக, வண்டிகளை ஒவ்வொன்றாகப் பட்டறைக்குத் தள்ளத் தொடங்கினார்.

கோசலை உண்டாள். மெதுவாக, ஒவ்வொரு பருக்கையாக, விரலைச் சூப்பி, எலும்பை உறிஞ்சி, மறுசோறு கேட்டு வாங்கி உண்டாள். ரொக்கியா ஊற்ற ஊற்ற, போதும் என்ற சொல்லை அவள் சொல்லவே இல்லை. ஆனால் சட்டி என்று ஒன்று இருந்தால் அடி என்று ஒன்று இருக்கும். கரண்டி அதைத் தட்டியது. தட்டிய சத்தத்தை இருவரும் கேட்டார்கள்.

ரொக்கியா கை கழுவத் தண்ணீர்க் கெண்டியையும் தட்டத்தையும் எடுத்துவந்தாள். இரண்டு மொழியிலும் அதற்குப் பெயர் கெண்டிதான். அதைச் சாய்க்காமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கழுவிட்டா முடிஞ்சிடும்," என்றாள் தாழ்ந்த குரலில்.

"தெரியும்."

"சோத்துக்கை காயட்டும்னு உக்காந்திருந்தாலும் உக்காந்திருக்கலாம். யாரு கேக்கப்போறா?"

கோசலை, வாசற்படியில் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்ற ஹிடாயாவைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் முகத்தில், பள்ளிக்கூடம் சேர்த்த முதல்நாள் இதே வாசலில் நின்று, இரண்டு பெண்களில் யார் தன்னை அழைத்துப் போகப்போகிறார்கள் என்று மாறிமாறிப் பார்த்த அதே கலக்கம் இருந்தது. கோசலை குழம்பு காய்ந்த வலக்கையைத் தட்டத்துக்கு மேல் நீட்டினாள்.

"ஊத்து, காக் யா. அங்க போய், பிள்ளை பிறந்ததும் எனக்குப் போன் பண்ணாதே. நீ கூப்பிடாமலே நான் வருவேன்."

தண்ணீர் விழுந்தது. ரொக்கியா அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவினாள். ஜொகூர் சிற்றப்பா உண்டபோது அசையாத நிழல் இப்போது ரொக்கியாவின் வாசற்படியிலிருந்து, பாயைச் சுருட்டுவதுபோல, ஓசையில்லாமல் சுருண்டு வரத் தொடங்கியது. யாப் தௌகேயின் கடைசி வண்டியைத் தாண்டி, பவளக்கொடியின் அடுப்பைத் தாண்டி, "ஐயோ என் குடை, குடையை எங்க வச்சேன்," என்று அவள் அலறிக்கொண்டு ஓட, பூனைகள் எழுந்து சோம்பல் முறிக்க, மேசைவரைக்கும் வந்து, மேசைத்துணியின் மடிப்புகளில் சற்றே தயங்கி, பிறகு அதிலிருந்தும் போயிற்று. பல மாதமாகச் சேர்த்துவைத்திருந்த வெயில் அத்தனையும் மல்லிகைச் சந்தின் தாரில் ஒரே சமயத்தில் இறங்கியது.

கார்க்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மருமகன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தான். வெற்றுச்சட்டி கண்ணைக் கூசவைத்தது. ரொக்கியாவின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. கோசலை முந்தானையால் எட்டி அதைத் துடைத்தாள்.

"உள்ள போய்டலாமா? வெயில் சுடுது," என்றாள் ரொக்கியா.

"சுடுது," என்றாள் கோசலை.

இருவரும் எழவில்லை.